சிட்டுவுக்கு எட்டும் உயரம்

"நான் வீட்லதானே இருக்கேன். என் பொண்ண நான் பார்த்துக்க மாட்டேனா?"

"மாட்டீங்கன்னு நான் சொன்னேனா?"

"சொல்லல. மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கு."

"வெயில்ங்க. கண்ணு கூசுது. அதான் மூஞ்சி அப்படி இருக்கு."

"சரி, வெயில்னே வெச்சுக்குவோம். லிப்ட் மேல ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, அடுப்புக்கிட்ட நிக்கக் கூடாதுன்னு டாக்டர் பெரிய பட்டியலே வாசிச்சுட்டாரு. பொண்ணுக்கு அப்பனா இருக்கக் கூடாதுன்னு அதுல இல்லையே?"

"இல்லீங்க."

"அப்ப அத எனக்கு விட்டுடு. அது ஒண்ணாவது."

"சரிங்க."

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசற்படியில், ஒரு கையில் மருந்துப் பையும் மறு கையில் துவைக்க வேண்டிய துணி மூட்டையுமாக நின்று பேசிய பேச்சு இது. அன்று கணவனிடம் சொன்ன அந்தச் 'சரிங்க'வை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை வாபஸ் வாங்கியாயிற்று. வாய் மட்டும் திறந்தபாடில்லை.

இன்றைக்கு மூன்று மணிக்குள் திறந்தாக வேண்டும்.

அவள் மேஜை மேல் யாரோ ஒரு பெரியவருடைய கீழ்த்தாடையின் அச்சு, மாவுபோல வெளுத்து, ஒரு பல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பல் செட் செய்யும் கூடம் அது. இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வரிசை பார்த்து, மேலும் கீழும் கடி சேருகிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. ஏழு வருஷப் பழக்கம். முகம் தெரியாத மனிதரின் அச்சைப் பார்த்தே, இவர் இடது பக்கமாக மெல்லுபவர் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் இன்று காலையிலிருந்து கடைவாய்ப் பற்களை இடம் மாற்றி நட்டு, பிடுங்கி, மறுபடி நட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு வாய்ல இன்னும் எத்தன தடவ பல்லப் புடுங்கப்போற?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. இருபது வருஷமாக மெழுகு உருக்குகிறவள். மெழுகு அக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். "நிஜ டாக்டர்கூட இவ்வளவு புடுங்கியிருக்க மாட்டாரு. சொல்லிட்டியா, இல்லையா?"

"இன்னிக்குச் சொல்லிடுவேன்க்கா."

"இதே வார்த்தைய போன திங்கக்கிழமையும் கேட்டேன். அதுக்கு முந்தின திங்கக்கிழமையும் கேட்டேன்."

அரை நாள் லீவு போட்டிருப்பதாகவும், ஒரு மணிக்கு வீட்டில் இருப்பதாகவும், வீட்டைப் பார்க்க நலத்துறை அலுவலர் வர அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் இருக்கிறது, பொறுமையாகச் சொல்லிவிடலாம் என்றும் அவள் விளக்கினாள். மெழுகு அக்கா கத்தியைத் தீயில் காட்டியபடி கேட்டுக்கொண்டாள்.

"நீ சொல்லப்போறதில்லடி," என்றாள் பிறகு. குரலில் கேலி இல்லை. "வர்ற அம்மா வாயால வரட்டும்னு விட்டிருக்க. உன் வீட்டுக்காரர்கிட்ட நீ பேச வேண்டியத, அரசாங்கம் வந்து பேசணும் உனக்கு."

சுருக்கென்றது. உண்மை என்பதால் கூடுதலாகவே சுருக்கென்றது.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்டின் கூரை மேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவனுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. இடுப்பில் பெல்ட் இருந்ததால் உயிர் தங்கியது, வேலை தங்கவில்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்று டாக்டர்கள் இன்னும் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை அவள் சம்பாதிக்கிறாள். அவன் வீட்டில் இருந்து மூன்றரை வயது சிட்டுவைப் பார்த்துக்கொள்கிறான்.

காப்பகத்துக்கான மனுத்தாளைக் கொடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ். வேலைக்குப் போகும் குடும்பத்தில் தாயோ தகப்பனோ நோயில் விழுந்தால், பிள்ளையைப் பகல்நேரக் காப்பகத்தில் விடும் செலவில் முக்கால்வாசியை ஆறு மாதத்துக்கு அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். டாக்டர் சான்றிதழ் வாங்கியாயிற்று. காப்பகத்தில் ஓர் இடத்தை இந்த வெள்ளிக்கிழமை வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மிச்சம் ஒரே ஒரு வரி.

'எனது நோயின் காரணமாக என் குழந்தையைத் தனியாகக் கவனித்துக்கொள்ள என்னால் இயலவில்லை என்று உறுதி கூறுகிறேன்.'

இதன் கீழே நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் வீட்டைப் பார்க்க வரும் அலுவலரின் முன்னிலையில்.

மனுவின் நகலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள்; கையெழுத்தாக வேண்டிய மூலத்தாள் ஐந்து வாரமாக அவளுடைய சாப்பாட்டுப் பையின் அடியில் கிடக்கிறது. ஒரு மூலையில் எண்ணெய்க் கறைகூட ஏறிவிட்டது. காப்பகத்தில் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள், சிட்டுவுக்கு விளையாட ஆள் கிடைக்கும் என்று ஆரம்பிக்கலாம். உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று முடிக்கலாம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தாள். எவ்வளவு சர்க்கரை தடவினாலும், அந்த 'இயலவில்லை' மட்டும் நாக்கில் கரையாமல் நின்றது.

அவன் கோபப்படுவான் என்ற பயம் அவளுக்குக் கிடையாது. கோபப்பட மாட்டானே என்பதுதான் பயம்.

ஏழு வருஷத்துக்கு முன், இதே கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள், லிப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே அவள் மட்டும். இருட்டு. அலாரப் பொத்தானை முப்பது தடவை அமுக்கியிருப்பாள். கதவிடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது.

"ஒரு தடவ அமுக்கினா போதுங்க. நான் செவிடன் இல்ல."

மின்சாரம் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவன் வெளியே தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். பயப்படாம பேசுங்க, நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன் என்று நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னான். கதவு திறந்தபோது அவள் முதலில் பார்த்தது எண்ணெய் படிந்த இரண்டு கைகளை. இன்றும் அவன் செல்லமாகக் கூப்பிடுவது 'நாலாவது மாடி' என்றுதான். மாமியாருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

அந்தக் கைகளிடம் போய், நம் பிள்ளையை இனி உங்களிடம் விட முடியாது என்று எப்படிச் சொல்வது?

சிட்டுவைப் பற்றி யோசித்தால் மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குள் கால் வைத்து உட்கார்ந்ததும் பிள்ளை ஓடி வந்து மடியில் விழும். விழுந்த நிமிஷமே தூங்கிப்போகும். சாப்பாடு ஊட்டக்கூட எழுப்ப முடியாது. "அம்மா மடிக்காகவே நாள் பூரா காத்திருக்கா" என்று மெழுகு அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

மணி பன்னிரண்டு. எழுந்திருக்கலாம் என்று அச்சை மூடிப் பார்த்தாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவே இல்லை. நாளைக் காலையில் அந்தப் பெரியவர் வாயில் ஏற வேண்டிய செட். கடைவாய் எட்டையும் மறுபடி பிடுங்கினாள். அவள் கட்டடத்தை விட்டு வெளியே வந்தபோது மணி இரண்டுக்குப் பத்து நிமிஷம்.

*

தெருவில் அவனுக்கு லிப்ட்காரர் என்று பெயர். லிப்ட் இல்லாத வீட்டில் குடியிருக்கும் லிப்ட்காரர் என்று கீழ்வீட்டு அக்கா கிண்டல் செய்வாள். மாடிப்படி ஏறி வந்தால் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையலறை. அவ்வளவுதான் வீடு. ஆனால் மேஜை, கட்டில், அலமாரி என்று கூர்மையான ஒரு மூலையும் அந்த வீட்டில் கிடையாது. லிப்ட் கதவின் ஓரத்தில் ஒட்டும் கறுப்பு ரப்பரை வாங்கி வந்து எல்லாவற்றுக்கும் அவன் சட்டை போட்டுவிட்டிருந்தான்.

சிட்டுவின் தலையைப் பின்னி முடித்தான். கம்பிவடம் முறுக்கிப் பழகிய கை. சாயங்காலம் வரை ஒரு முடி அசையாது. காலையில் மனைவி சூடாக வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை டப்பாவிலிருந்து எடுத்து ஊட்டினான். ஒரு வாய் பொம்மைக்கு, ஒரு வாய் அப்பாவுக்கு, ஒரு வாய் ஜன்னலுக்கு வெளியே நின்ற காக்காவுக்கு என்று போக்குக் காட்டிச் சாப்பிட வைப்பதற்குள் முக்கால் மணி நேரம். அதில் அவனுக்கு அலுப்பே வருவதில்லை. நாள் பூராவும் அவன் உருப்படியாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான்.

பாயை விரித்துப் படுத்து, அவளையும் பக்கத்தில் படுக்கவைத்தான். அவள் தூங்கட்டும் என்று அவனே கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டான்.

சிறிது நேரம் கழித்து, மூக்குக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. சின்ன விரல். மூச்சு வருகிறதா என்று பார்க்கும் விரல்.

"அப்பா."

"ம்."

"சும்மா தூக்கமா, அந்தத் தூக்கமா?"

"சும்மா தூக்கம்தான்டா. நீயும் தூங்கு."

"எனக்கு வரல."

கண்ணைத் திறந்து பார்த்தான். பிள்ளைக்கு இமை சொருகிச் சொருகி மூடிக்கொண்டிருந்தது. மூட மூட, தலையை உலுக்கித் திறந்துகொண்டாள். நேற்றும் இப்படித்தான். போன வாரம் பூராவும். விளையாட்டுப் புத்தி, தூக்கம் பிடிக்காத வயசு என்று அவன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிவைத்திருந்தான்.

போன வியாழக்கிழமைக்கு அப்புறம் அந்தச் சமாதானம் அவனுக்கே எடுபடவில்லை.

வியாழக்கிழமை அவன் கண் விழித்தபோது கூடத்துத் தரையில் கிடந்தான். தலைக்குக் கீழே தலையணை. மேலே கீழ்வீட்டு அக்காவின் முகம். கழுத்தில் தொங்கிய அளவு நாடா அவன் நெற்றியை உரசியது. அவள் தையல்காரி; தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். சிட்டு அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவன் கண்ணைத் திறந்ததும் கையை நீட்டி, "பிஸ்கட்," என்றாள்.

அவன் விழுந்ததும் கீழ்வீட்டைக் கூப்பிடும் பொத்தானை அமுக்கினால் ஒரு பிஸ்கட். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். டப்பாவைத் திறந்து கொடுத்தான்.

மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கீழ்வீட்டு அக்காவைக் கெஞ்சினான். அவள் வேலைக்குப் போக மாட்டாள், போனாலும் அவள் மனசு அங்கே இருக்காது என்றான். அக்கா அரைமனதாகத் தலையாட்டினாள். பிறகு சிட்டுவைப் பார்த்து, உதட்டில் விரல் வைத்து, அம்மாகிட்ட சொல்லக் கூடாது என்றான். அவளும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். ஐந்து நாளாயிற்று. மூன்றரை வயதுப் பிள்ளை அந்த ரகசியத்தைச் சிந்தாமல் சுமந்துகொண்டிருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

*

வந்தவள் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். ஒரு கால் லேசாக வீங்கியிருந்தது. படியேறிய களைப்பில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நலத்துறையிலிருந்து வருவதாகச் சொன்னாள். மூன்று மணி என்றுதான் சொல்லியிருந்ததாகவும், பக்கத்துத் தெரு வீட்டில் ஆள் இல்லாததால் சீக்கிரம் வந்துவிட்டதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"உங்க மனைவி குடுத்த மனு விஷயமா வந்தேன்."

"என்ன மனு மேடம்?"

அலுவலர் கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். இந்த மாதிரி ஒரு முகத்தை அவள் வேறு வீடுகளிலும் பார்த்திருக்க வேண்டும். மனுவின் நகலை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

மனைவியின் கையெழுத்து. பல் நடுவது போலவே ஒவ்வோர் எழுத்தையும் நேராக நட்டு எழுதியிருந்தாள். மூன்று பக்கத்தையும் அவன் நின்றபடியே படித்தான். கடைசி வரியை இரண்டு தடவை படித்தான். தேதியைப் பார்த்தான். ஐந்து வாரம்.

பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். முக்காலியை இழுத்துப் போட்டான்.

"நான் நல்லாத்தான் பார்த்துக்கறேன் மேடம்," என்றான். "நீங்களே வந்து பாருங்க."

புதிதாக மாட்டிய லிப்டைச் சோதனை அதிகாரிக்குக் காட்டுவது போல வீட்டைச் சுற்றிக் காட்டினான். மூலைகளின் ரப்பர். பகலில் பூட்டிவைக்கும் அடுப்பு. குளியலறையில் தண்ணீர் இல்லாமல் கவிழ்த்துவைத்த வாளி. அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் பார்த்து, ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் என்று மனசாரச் சொன்னாள். சமையலறை வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

சுவரில், அவள் முழங்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதற்கு நேர் மேலே, பெரியவர்கள் கை எட்டும் உயரத்தில், நாலு வெறும் திருகாணி ஓட்டைகள்.

"மேல என்ன இருந்துச்சு?"

"இதேதான் மேடம். முதல்ல அங்க மாட்டினேன். ஆயிரம் லிப்ட்ல மாட்டின உயரம், கை தானா அங்க போயிடுச்சு." அவன் சிரிக்கப் பார்த்தான். "மாட்டி முடிச்சப்புறம்தான் என் மனைவி சொன்னா, அது சிட்டுவுக்கு எட்டாதேன்னு. அப்புறம் கீழ இறக்கினேன்."

"சிட்டுவுக்கா?"

"கம்பெனில கழிச்சுப் போட்ட பொத்தான். இத அமுக்கினா கீழ்வீட்டு அக்கா ரூம்ல மணி அடிக்கும், அவங்க ஓடி வந்துடுவாங்க. லிப்ட்ல இருக்கிற அதே ஏற்பாடுதான். உள்ள மாட்டிக்கிட்டவங்க வெளிய இருக்கிறவங்களக் கூப்பிடறதுக்கு..."

சொன்ன வார்த்தை அவன் காதிலேயே திரும்ப வந்து விழுந்தது. நிறுத்திக்கொண்டான்.

அலுவலர் எழுதவில்லை. பேனா தாளின் மேல் சும்மா நின்றது.

"நான் காட்டட்டா?" என்று முன்னால் வந்தாள் சிட்டு. விருந்தாளிக்குப் பாட்டுப் பாடிக் காட்டும் பிள்ளையின் உற்சாகம் முகத்தில். வேண்டாம் என்று அவன் சொல்வதற்குள் இரண்டு கையாலும் பொத்தானை அமுக்கினாள்.

அதோடு நிற்கவில்லை. ஓடிப் போய் முக்காலியைத் தள்ளி இடம் உண்டாக்கினாள். கட்டிலிலிருந்து தலையணையை இழுத்துவந்து கூடத்து நடுவில் போட்டாள். வாசல் கதவை நன்றாகத் திறந்துவைத்தாள். பிறகு தலையணை பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அங்கே இல்லாத ஒருவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

*

அவள் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியபோது மணி இன்னும் மூன்று ஆகவில்லை. பத்து நிமிஷம் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம் என்று நடையை எட்டிப் போட்டாள். காப்பகத்துல நிறையப் பசங்க இருப்பாங்க என்று உதடு அசைந்தது.

கீழ்வீட்டு ஜன்னலுக்கு நேரே வந்தபோது மணி அடித்தது.

அந்த மணியை அவள் ஒத்திகையில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூடத்தில் பொய்யாக விழுந்து கிடப்பான். சிட்டு ஓடி அமுக்குவாள். இவள் கை தட்டுவாள். பிஸ்கட் கொடுத்தது இவள்தான். 'அப்பாவ நல்லா பார்த்துக்கறியே, என் சமத்து' என்று கன்னத்தைக் கிள்ளிக் கொடுத்தது இதே கைதான்.

ஜன்னலுக்குள் தையல் மெஷின் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. மாடிப்படியில் திடுதிடுவென்று கால் சத்தம். அவளும் ஓடினாள். பையின் காது அறுந்து சாப்பாட்டு டப்பா படிகளில் உருண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் மூச்சு வாங்க நின்றபோது முதலில் கண்ணில் பட்டது கூடத்து நடுவில் கிடந்த தலையணை. அடுத்து, சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அவன். நின்றுகொண்டிருக்கிறான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்த கீழ்வீட்டு அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூச்சுவிட்டாள். "என்ன தம்பி இது, உயிரே போயிடுச்சு. வியாழக்கிழமைதானே வந்துச்சு, மறுபடியும் இவ்வளவு சீக்கிரமான்னு..."

பின்னால் நிற்பது யார் என்று அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எதையோ முனகிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். ஓடாத மெஷின்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாமல் ஐந்து வாரம் இவள். இவளுக்குத் தெரியாமல் ஐந்து நாள் அவன். யார் முதலில் கண்ணைத் தாழ்த்தினார்கள் என்று கோப்போடு நின்றிருந்த மூன்றாம் மனுஷிக்குக்கூடத் தெரிந்திருக்காது.

சிட்டு எழுந்து வந்து அம்மாவின் புடவையைப் பிடித்தாள். பொழுது சாயாமல் அம்மா வீட்டுக்கு வந்தது அவளுக்குப் புரியவில்லை.

"மறுபடி வேலைக்குப் போவியாம்மா?"

"இல்லடா. போகல."

"இங்கயே இருப்பியா?"

"இங்கயேதான் இருப்பேன்."

பிள்ளை யோசித்தாள். அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நான் தூங்கட்டா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நடுக் கூடத்தில் கிடந்த அதே தலையணையில் தலையை வைத்தாள். இரண்டு நிமிஷத்தில், வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்தது.

தினமும் சாயங்காலம் மடியில் வந்து விழுந்த பிள்ளை. தன் மடிக்காகக் காத்திருக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினாளே. ஆறு மணிக்கு ஆள் மாற்றிவிட்டுப் படுக்கப் போகும் காவல்காரியைத்தான் இத்தனை நாளும் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையணைக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்னும் மெழுகு ஒட்டியிருந்தது. அந்தக் கையால் பிள்ளையைத் தொடக் கூசியது.

அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாழ்ந்த குரலில், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். யாரையும் வற்புறுத்த அவளுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இன்றைக்குக் கையெழுத்து ஆகாவிட்டால் மனு திரும்பிப் போய்விடும். மறுபடி முறை வர மூன்று மாதம் ஆகும். மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மூலத்தாளையும் தன் பேனாவையும் முக்காலி மேல் வைத்துவிட்டு, நீங்கள் பேசுங்கள் என்று சொல்லி, வீங்கின காலை மெதுவாக ஊன்றி வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் வந்து, தூங்கும் பிள்ளைக்கு மறுபக்கம் தரையில் உட்கார்ந்தான். முக்காலியிலிருந்து தாளை எடுத்தான். அதன் மூலையில் இருந்த எண்ணெய்க் கறையை விரலால் தேய்த்தான்.

"ஏன் என்கிட்ட கேக்கல?"

அவள் பயந்தபடியே, கோபம் துளிகூட இல்லாத குரல்.

நீங்க ஏன் வியாழக்கிழமைய மறைச்சீங்க என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அதைக் கேட்க இன்னொரு நாள் வரும். கேட்டால் அழுவான், இவளும் அழுவாள், இருவரும் மாறி மாறிச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள், அதற்குள் அந்த அம்மாள் தாளை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவாள்.

"இந்தத் தாள் கேக்குது. படிச்சுட்டேன்," என்றான் அவன். "அந்த மேடம் கேக்கறாங்க, அவங்க வேலை அது. எனக்கு அதெல்லாம் வேணாம். நீ கேளு."

அவள் வாயைத் திறந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. விளையாடப் பிள்ளைகள் இல்லை, ஓய்வு இல்லை, சர்க்கரை இல்லை. மூடிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. இருட்டில், இரண்டு மாடிக்கு நடுவில், மூச்சு முட்டி நின்றது போலிருந்தது.

அவன் பிள்ளையின் தலைக்கு மேலாக அவள் கையைத் தொட்டான்.

"பயப்படாம சொல்லு, நாலாவது மாடி. நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன்."

சிட்டு தூக்கத்தில் புரண்டு, பழக்கதோஷத்தில் கையை நீட்டி அவன் சட்டை நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"உங்களால இவளத் தனியா பார்த்துக்க முடியாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இவ தூங்கட்டும்."